பைபிளில் வரும் இராட்சதர்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் பைபிளில் ஆதியாகமம் 6:4-ஐத் திறந்தால் "இராட்சதர்" என்று இருக்கும். எண்ணாகமம் 13:33-லும் இராட்சதர், உபாகமம் 2, 3 அதிகாரங்களிலும் இராட்சதர். இதைப் படிக்கிற யாருக்கும், நோவா காலத்தில் தொடங்கி கோலியாத் வரை ஒரே வம்சம்தான் வந்திருக்கிறது என்றுதான் தோன்றும், நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் எபிரெயத்தில் முதல் இரண்டு இடங்களில் இருப்பது நெபிலிம், உபாகமத்தில் இருப்பது ரெபாயீம். இரண்டும் வேறு வேறு சொற்கள். அதே ரெபாயீமை ஆதியாகமம் 14:5-ல் மொழிபெயர்க்காமல் "ரெப்பாயிமியர்" என்று பெயராகவே விட்டிருக்கிறார்கள், அதனால் இவர்களும் அவர்களும் ஒன்று என்பதும் நமக்குத் தெரியாமல் போகிறது. முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது: தமிழ்ச் சொல் ஒன்றாக இருப்பதால் ஆட்களும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது.

ரெபாயீம் என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏசாயா 14:9, 26:14 போன்ற இடங்களில் அது பாதாளத்தில் இருக்கும் செத்தவர்களைக் குறிக்கிறது. சிரியாவின் உகாரித்தில் கிடைத்த களிமண் பலகைகளிலும் இதே வேரில் வரும் சொல் இறந்துபோன பழைய அரசர்களுக்கு வழங்குகிறது. ஆகவே ஏசாயாவில் போய் நெட்டையான மனிதர்களைத் தேட வேண்டாம். அப்புறம், "இம்" என்பதே எபிரெயப் பன்மை விகுதி, "நெபிலிம்கள்" என்று எழுதத் தேவையில்லை.

ஏமியர், சம்சூமியர் என்று தனித்தனி இராட்சத இனங்களாக எண்ணிப் பட்டியல் போடுவதும் நிறைய நடக்கிறது. உபாகமம் 2-ஐ நிதானமாகப் படித்தால் போதும். மோவாபியர் தங்கள் நிலத்தில் முன்பு இருந்த ரெபாயீமை ஏமியர் என்றார்கள், அம்மோனியர் தங்கள் பக்கத்தில் இருந்தவர்களைச் சம்சூமியர் என்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வைத்த பெயர்கள் இவை. அதே அதிகாரத்தில் வரும் ஓரியரையும் ஆவியரையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள், அவர்கள் உயரமானவர்கள் என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது எண்ணாகமம் 13. அந்த 33-ஆம் வசனத்தை யார் சொல்கிறார்கள் என்று பார்க்காமலே மேற்கோள் காட்டுகிறோம். கானான் தேசத்தை வேவு பார்க்க மோசே அனுப்பியவர்கள் திரும்பி வந்து, இராட்சதர் விஷயத்தில் முதலில் சொன்னது, ஏனாக்கின் பிள்ளைகளை, அதாவது அங்கே இருந்த நெட்டையான ஒரு வம்சத்தாரைக் கண்டோம் என்பது மட்டும்தான் (28-ஆம் வசனம்). அவர்களில் ஒருவனான காலேப் எழுந்து, போகலாம், ஜெயிக்கலாம் என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் பேச்சை ஏற்றுகிறார்கள்: அந்தத் தேசம் குடிகளையே விழுங்குகிறது, அங்கே பார்த்த எல்லாருமே நெட்டையர்கள், நெபிலிமும் இருந்தார்கள், நாங்கள் வெட்டுக்கிளி மாதிரி இருந்தோம். பயந்துபோனவர்களின் பேச்சு இது, பைபிளே இதைத் துர்ச்செய்தி என்கிறது. நோவா காலத்து வெள்ளத்துக்குப் பிறகும் நெபிலிம் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கு இதை மட்டும் சாட்சியாக நிறுத்துவது சரியில்லை. பிற்பாடு எபிரோனிலிருந்து ஏனாக்கின் மூன்று பிள்ளைகளையும் துரத்தியது இதே காலேப்தான் (யோசுவா 15:14).

சரி, உயரத்துக்கு வருவோம். ரெபாயீமில் மிச்சமிருந்த பாசானின் ராஜா ஓகுக்கு உபாகமம் 3:11 கொடுப்பது கட்டிலின் அளவு, ஆளின் அளவு இல்லை. ஒன்பது முழ நீளம், நாலு முழ அகலம். பூக்காரம்மா அளக்கிற மாதிரி முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உங்கள் கையாலேயே தரையில் அளந்து பாருங்கள், முழத்துக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் என்றால் நீளம் 4 மீட்டரைத் தாண்டும், அகலம் 1.8 மீட்டர் வரும். அதை வைத்து ஓக் 13 அடி என்று சொல்வது, கட்டிலின் நீளம்தான் படுக்கிறவரின் நீளம் என்று சொல்வதாகும்.

கோலியாத்துக்கு நம் பைபிளில் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது ஏறக்குறைய 2.9 மீட்டர். சாக்கடல் பக்கம் கும்ரானில் கிடைத்த பழைய சாமுவேல் சுருளில் நாலு முழமும் ஒரு சாணும் என்றுதான் இருக்கிறது, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் அதே அளவைச் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் 2 மீட்டர் சொச்சம், அந்தக் காலத்துக்கு மிக உயரமான ஒரு போர்வீரன். இந்த இரண்டாவது அளவைச் சொல்லாமல் பிரசங்கம் செய்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை. இன்னொன்று, 1 சாமுவேல் 17-இல் அவனை நெபிலிம் என்றோ ஏனாக்கியன் என்றோ எங்கேயும் சொல்லவில்லை. காத் ஊர்க்காரன், பெலிஸ்தன், அவ்வளவுதான். ஏனாக்கியரில் மிச்சம் இருந்தவர்கள் காசா, காத், அஸ்தோத்தில் தங்கினார்கள் என்று யோசுவா 11:22 சொல்வதை இதோடு முடிச்சுப் போடலாம், ஆனால் அந்த முடிச்சைப் போடுவது நாம்தான் என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த ராட்சத எலும்புக்கூடு படம். மண்ணுக்குள் பிரம்மாண்டமான மண்டையோடு, பக்கத்தில் குட்டியாக ஒரு ஆள். அது 2002-இல் ஒரு இணையதளம் நடத்திய படம் ஒட்டும் போட்டிக்காகச் செய்தது. அடியில் இருக்கும் உண்மையான போட்டோ, நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் 2000-இல் மாஸ்டடான் என்ற யானை இன விலங்கின் எலும்புகளைத் தோண்டியபோது எடுத்தது.