நடனத் தளத்துக்காக உங்கள் மேடை நிகழ்ச்சியை மாற்றி அமைப்பது எப்படி?

அமர்ந்து கேட்பவர்களுக்குப் பாடிப் பழகிய ஒருவர் அதே நிகழ்ச்சியை நடனத் தளத்தில் வழங்கினால், முதல் பாடல் முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் ஆட்டமும் அடங்கிவிடும். முதல் முறை நானும் பாடலுக்குப் பாடல் நன்றி சொல்லி, கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பாதிப் பேர் சுவரோரம் ஒதுங்கியிருந்தார்கள். ஆகவே நாம் செய்யப்போவது இதுதான்: தாளம் எங்கும் அறுபடாமல் நாற்பது நிமிடம் ஓட வேண்டும், பாடல்கள் அதன்மேல் வந்து போக வேண்டும்.

முதலில், உங்கள் பாடல்கள் ஒவ்வொன்றின் வேகத்தையும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி (பிபிஎம்) என்பதை, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடனத் தளங்களுக்கான மின்னணு இசை வகையான ஹவுஸ் பெரும்பாலும் 120 முதல் 130 வரையிலான வேகத்தில் ஓடும். 62 பிபிஎம்மில் உள்ள மெதுவான பாடலை ஒதுக்கிவிடாதீர்கள். டிரம்மை மட்டும் இருமடங்கான 124இல் ஓடவிட்டால், குரல் தன் நிதானத்திலேயே அதன்மேல் மிதந்து செல்லும். 90இல் உள்ள பாடல்தான் தொல்லை. அதை 120க்கு இழுத்தால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிச் சொற்கள் மூச்சுத் திணறும் என்பதால், புதிதாகப் பாடிப் பதிவு செய்வதே நல்லது.

இரண்டாவதாக, ஒவ்வொரு பாடலையும் கிக் (அடியைத் தாங்கும் பெரிய டிரம்), பேஸ் (தாழ்ந்த சுரங்கள்), கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரங்கள்), குரல் எனத் தனித்தனி லூப்களாக, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகளாகப் பிரியுங்கள். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் செஷன் வியூ திரையில் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு டிராக். ஒவ்வொரு கிடைவரிசையும் சேர்ந்து ஒலிக்க வேண்டிய லூப்களின் தொகுப்பு. நீங்கள் அழுத்திய லூப், இயல்பான அமைப்பில், அடுத்த பார் (நான்கு அடிகள் கொண்ட தாளச் சுற்று) தொடங்கும்போதுதான் ஒலிக்கும். எனவே சற்று முன்னதாக அழுத்தப் பழகுங்கள். கணம் தவறினால் ஒரு பார் முழுவதும் காத்திருக்க நேரும்.

மூன்றாவது படியில்தான் நிகழ்ச்சியின் உயிர் இருக்கிறது. ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்குப் போக 32 பார்களை ஒதுக்குங்கள். 120 பிபிஎம்மில் இது 64 நொடி. முதல் 8 பார்களில் பழைய பாடலின் குரல் விலகட்டும், புதிய பாடலின் ஹை-ஹேட் (டிரம் தொகுதியின் இரட்டைத் தாளத்தட்டு) மெல்ல நுழையட்டும். அடுத்த 8 பார்களில் புதிய கார்டுகளைச் சேர்த்து, அவற்றில் கடைசி 4 பார்களுக்குக் கிக்கை எடுத்துவிடுங்கள். தளத்தில் உள்ளவர்களின் கால்கள் அதற்காகக் காத்திருக்கும். 17ஆவது பாரின் முதல் அடியில் கிக் திரும்ப வரும்போதே பழைய பேஸை நிறுத்திப் புதிய பேஸைத் தொடங்குங்கள். இரண்டு பேஸ்கள் ஒருசேர ஒலித்தால் அடியொலி குழம்பிவிடும். மீதியுள்ள 16 பார்களில் அவசரப்பட்டுப் பாட வேண்டாம். பல்லவியின் ஒரே ஒரு சொல்லை மட்டும் இடையிடையே தூவுங்கள்.

ஒலிச் சீரமைப்பில் தொடக்கத்துக்கு இரண்டு வேலைகள் போதும். கிக் விழும் கணத்தில் பேஸ் தானாகத் தணியுமாறு சைட்செயின் கம்ப்ரஷன் அமையுங்கள். ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை மோனோவாக்குங்கள், அதாவது இடம், வலம் இரண்டிலும் ஒன்றுபோல ஒலிக்கச் செய்யுங்கள்.

அடுத்து, உங்கள் கைகளுக்கு எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். குரல், ஒரு வாத்தியம், ஒலியை வடிகட்டும் ஒரு ஃபில்டர் குமிழ் ஆகிய மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து; பத்துக் குமிழ்களைத் திருகுபவர் கூட்டத்தைப் பார்ப்பதில்லை. டிரம் மெஷினும் கணினியும் சேர்ந்து ஓடினால், கருவிகளின் வேகத்தை ஒன்றாக வைக்க ஓர் அடிக்கு 24 துடிப்புகள் அனுப்பும் மிடி கிளாக்கை ஏதேனும் ஒரு கருவி மட்டுமே வழங்கட்டும். குரல் கணினி வழியே செல்வதாக இருந்தால், பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலியின் அளவை, 128 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) அதனால் ஏற்படும் ஒருவழித் தாமதம் சுமார் 2.7 மில்லிநொடிதான்.

இறுதியாக, நாற்பது நிமிடத்தையும் நிறுத்தாமல் வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதைச் சத்தமாக ஒலிக்கவிட்டு, நின்றுகொண்டே கேளுங்கள். உங்கள் கால் எந்த நிமிடத்தில் அசைவதை நிறுத்துகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அங்குள்ள பார்களை வெட்டுங்கள்.