ட்வின் டவர் பாக்கப் போறப்ப நம்மாளுங்க பண்ற தப்பு

நம்ம காரைக்குடி பக்கம் மலேசியான்னா யாருக்கும் வெளிநாடுன்னே தோணாது. ஐயா காலத்துல கொண்டுவிக்கப் போன ஊரு, இப்ப திருச்சியில பிளைட்டு ஏறினா நாலு மணி நேரத்துல கேஎல், அதான் கோலாலம்பூர். அதனாலயோ என்னமோ குன்றக்குடிக்குப் போறாப்ல எதையும் விசாரிக்காம கெளம்பிடுறோம், பெட்ரோனாஸ் ட்வின் டவர் வாசல்ல போய் முழிக்கிறோம். நாங்களும் முழிச்சோம்.

மொத தப்பு கிழமை. திங்கக்கிழமை பொதுவா மேல ஏத்த மாட்டாங்க. எங்களுக்கு பேக்கேஜ் போட்டுக் குடுத்தவரு கரெக்டா அந்தத் திங்கக்கிழமையில அதை வச்சிருந்தாரு. அப்பத்தா அண்ணாந்து பாத்துட்டு "கோபுர தரிசனம் ஆச்சுல்ல, வாங்கடா"ன்னு சொல்லிருச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானமும் தொழுகைக்காக கொஞ்ச நேரம் நிறுத்துவாங்க. டிக்கெட்ட ஆன்லைன்ல முன்னாடியே போட்டுருங்க, நேர்ல போனா நம்ம நேரத்துக்கு கெடைக்கும்னு சொல்ல முடியாது.

அந்த நேரம்ங்கறதுலதான் சித்தப்பா மாட்டினாரு. மறுநாளைக்கு பன்னெண்டரைக்கு டிக்கெட்டு, அவரு கீழ சூரியா மால்ல சாவகாசமா கடை கடையா ஏறி எறங்கிட்டு, "என்னடா அவசரம், மணி இப்பதான் பத்து"ங்கறாரு. கைக்கடிகாரம் இன்னும் நம்ம ஊரு டைம்லயே ஓடுது! அங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி, போன் தானா மாத்திக்கும், வாட்ச் மாத்திக்காது.

அப்புறம், கட்டடம் பூரா சுத்தலாம்னு நெனச்சுட்டுப் போகாதீங்க. ரெண்டுமே 88 மாடி, 452 மீட்டர், ஆனா உள்ள முக்காவாசி ஆபீஸ்தான், ஒரு டவர்ல பெட்ரோனாஸ் கம்பெனியே இருக்கு. கடைங்க எல்லாம் அடியில மால்ல. நமக்கு விடுறது ரெண்டு டவருக்கும் நடுவுல 41-வது மாடியில இருக்கற பாலமும் 86-வது மாடியும் மட்டும், அதுவும் கூட்டம் கூட்டமா கூட்டிட்டுப் போய் நேரம் ஆனதும் அடுத்த எடத்துக்கு நகத்திருவாங்க. பாலத்துல போன நோண்டிட்டு நின்னீங்கன்னா போச்சு.

அந்தப் பாலம்தான் ரெண்டு டவரையும் இழுத்துப் பிடிச்சிருக்குன்னு எங்க குரூப்புலயே ஒருத்தரு அடிச்சுச் சொன்னாரு. நேர்மாறு. காத்துக்கு ரெண்டும் தனித்தனியா லேசா அசையும், பாலத்த இறுக்கிப் பூட்டினா பிச்சுக்கும், அதனால வழுக்கி நகர்ற மாதிரி வச்சிருக்காங்க. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது: நம்ம வீட்ல சுண்ணாம்ப அரைச்சு அரைச்சு செவுரு பளபளன்னு ஆக்கினாங்கல்ல, அங்க பூமிக்கடியில சுண்ணாம்புப் பாறை பொந்து பொந்தா இருந்து, கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்ட வச்சிருச்சு.

டாக்ஸியில "கேஎல் டவர்"னு சொல்லிடாதீங்க, அது வேற, குன்று மேல இருக்கற 421 மீட்டர் ஒத்தக் கோபுரம். உலகத்துலயே ஒசரம் ட்வின் டவர்தான்னு பிள்ளைங்ககிட்ட அளந்தும் விடாதீங்க, 1998-லேர்ந்து 2004 வரைக்கும்தான் அந்தப் பட்டம், இப்ப அதே ஊர்லயே மெர்டேக்கா 118 இதைத் தாண்டி நிக்குது.

போட்டோவுக்காக மட்டும் டிக்கெட் எடுக்கறதும் என்னைக் கேட்டா வேஸ்ட். ட்வின் டவர் மேல நின்னா ட்வின் டவர் முழுசா எப்படித் தெரியும்? அதுக்கு பின்னாடி இருக்கற பார்க்குதான், பொழுது சாஞ்சு லைட்டு போட்டப்புறம், காசும் கெடையாது. மத்தியானத்துக்கு மேல மழை வரும், குடை இருக்கட்டும்.

நாங்க பண்ணின பெரிய தப்பு இதுக்கெல்லாம் மேல. டவர்கிட்ட இருக்கற கேஎல்சிசி ஸ்டேஷன்லேர்ந்து ரயில்ல மூணாவது ஸ்டாப்பு மஸ்ஜித் ஜமேக், எறங்கி கொஞ்சம் நடந்தா லெபு அம்பாங், நம்ம செட்டியாருங்க கிட்டங்கி, அதாவது தொழில் பண்ற எடம், போட்டு லேவாதேவி பண்ணின தெரு. மால்ல ரெண்டு நாள் சுத்தின நாங்க அங்க எட்டிக்கூடப் பாக்கல, ஊருக்கு வந்தப்புறம் பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டப்பதான் ஞாபகமே வந்துச்சு.