ஆறு மாதிரித் தேர்வு எழுதியும் எஸ்.ஏ.டி. மதிப்பெண் ஏறவில்லையா?

"ஆறு மாதிரித் தேர்வு எழுதிவிட்டேன், மதிப்பெண் 1280-ஐ விட்டு நகர மறுக்கிறது" என்று ஒரு மாணவி என்னிடம் வந்தாள். தப்பான கேள்விகளை என்ன செய்தாய் என்று கேட்டேன். விடையைப் பார்த்தாளாம், "அட, இதுதானா" என்று தோன்றியதாம், அடுத்த தேர்வைத் திறந்துவிட்டாளாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் நான் பார்க்கும் தவறுகளில் இதுதான் தலையாயது. மாதிரித் தேர்வு நோய் எங்கே என்று காட்டும், மருந்து கொடுக்காது. அதிலும் இந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தனது ப்ளூபுக் செயலியில் இலவசமாகத் தரும் முழுத் தேர்வுகள் மிகக் குறைவு. அவற்றை வாரம் இரண்டாகத் தீர்த்துவிட்டால் பிறகு கையில் நல்ல தாள் இருக்காது.

அவள் நோட்டு ஒன்றும் வைத்திருந்தாள். பாதிக்கு மேற்பட்ட தவறுகளுக்கு எதிரே ஒரே காரணம்: கவனக்குறைவு. அந்தச் சொல்லை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். ஒரு கேள்வியை எடுத்துப் பார்த்தோம். ஓர் எண்ணின் மூன்று மடங்குடன் 6-ஐக் கூட்டினால் 21. அந்த எண்ணுடன் 2-ஐக் கூட்டினால் என்ன வரும்? அவள் போட்ட கணக்கில் பிழையே இல்லை. எண் 5 என்று கண்டுபிடித்தாள், விடைகளில் 5 இருந்தது, தொட்டுவிட்டாள். கேட்டதோ 7. சமன்பாடு முழுவதையும் 3-ஆல் வகுத்திருந்தால் 7 நேராகவே வந்து நின்றிருக்கும், எண்ணைத் தனியே தேட வேண்டிய வேலையும் இல்லை. "கவனக்குறைவு" என்பதை அடித்துவிட்டு, "என்ன கேட்டார்கள் என்று கடைசியில் பார்க்கவில்லை" என்று எழுதச் சொன்னேன். பழைய பக்கங்களைப் புரட்டினால் அதே காரணம் இன்னும் ஐந்து இடங்களில் இருந்தது. காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால்தான் அதற்கு ஒரு பழக்கத்தை உண்டாக்க முடியும். கணக்கைத் தொடங்கும் முன் கேட்டது எது என்று தாளில் குறித்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாக மூன்று வாரம் ஆயிற்று.

வாசிப்புப் பகுதியில் சறுக்குவது வேறு விதம். இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் 150 சொற்களுக்கு மிகாத சிறு பத்திதான். பத்தி சிறியது என்பதாலேயே பலர் அதை மேய்ந்துவிட்டு, உலக அறிவை வைத்து விடை சொல்கிறார்கள். 'ஆய்வு செய்த மூன்று தோட்டங்களில் இரண்டில் தேனீக்கள் பெருகின' என்று பத்தி சொல்லும். 'தோட்டங்கள் தேனீக்களைப் பெருக்குகின்றன' என்று ஒரு விடை இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பத்தி அவ்வளவு தூரம் போகவில்லை. தவறான விடைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓர் அடி கூடுதலாக எடுத்து வைக்கும். விடைகளைப் படிக்கும் முன் உங்கள் விடையை மனத்துக்குள் ஒரு வரியில் சொல்லிக்கொண்டால் இந்த வலையில் விழுவது குறையும்.

தேர்வின் அமைப்பே தெரியாமல் போகிறவர்களும் உண்டு. வாசிப்பும் எழுத்தும் ஒரு பகுதி, கணிதம் மற்றொன்று. இரண்டிலும் இரண்டிரண்டு மாட்யூல்கள், அதாவது தனித்தனி நேரம் கொண்ட பிரிவுகள். முதல் பகுதியில் மாட்யூலுக்கு 32 நிமிடத்தில் 27 கேள்விகள், கணிதத்தில் 35 நிமிடத்தில் 22. முதல் மாட்யூலில் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாவது கடினமானதா எளிதானதா என்று முடிவாகும். எளிதானது வந்துவிட்டால் அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் உச்ச மதிப்பெண் எட்டாது. ஆகவே முதல் மாட்யூலின் சுலபமான கேள்விகளில் பறக்காதீர்கள். நேரம் முடிந்து அடுத்ததற்குப் போய்விட்டால் திரும்பி வர வழியில்லை.

தெரியாத கேள்வியை விட்டுவிடச் சொல்லும் அறிவுரை இன்னும் உலவுகிறது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழித்த காலத்துப் பேச்சு அது. 2016-இலேயே அந்த முறை போய்விட்டது. இப்போது காலியாக விடும் ஒவ்வொரு கேள்வியும் வீண். அலமாரியில் இருக்கும் அண்ணன், அக்காவின் பழைய புத்தகங்களிலும் இதே சிக்கல்தான். நீண்ட பத்திகளும் மூன்று மணி நேரத் தாளும் போய், 2024 முதல் அமெரிக்காவிலும் தேர்வு கணினிக்கு மாறிவிட்டது. கணிதப் பயிற்சிக்கு அவை உதவும், வாசிப்புக்கு வேண்டாம்.

கணிதத்தில் விடையை நாமே தட்ட வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இங்கே சரியான விடையைத் தவறாக எழுதி இழப்பவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. மூன்றரையை 3.5 என்றோ 7/2 என்றோ எழுத வேண்டும். கலப்புப் பின்னமாக எழுதினால் கணினி அதை 31/2 என்று படிக்கும். மூன்றில் இரண்டை 0.67 என்று சுருக்கினால் தவறு. 0.667 ஏற்கப்படும், 2/3 என்றே எழுதுவது இன்னும் நல்லது. டெஸ்மோஸ் கால்குலேட்டர் திரையிலேயே இருக்கிறது. அதைத் தேர்வு நாளன்று முதல்முறையாகத் திறப்பவருக்கும், 12 பெருக்கல் 5-க்குக்கூடத் திறப்பவருக்கும் நேரம்தான் நட்டம்.

மீண்டும் எழுதுவதானால் அவசரப்பட்டு அடுத்த தேதிக்கே பதிவு செய்யாதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு தேதிகளில் எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பகுதியின் சிறந்த மதிப்பெண்ணையும் எடுத்துச் சேர்க்கின்றன. நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் அப்படிச் செய்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்கிறது என்றால், அந்த மாணவியைப் போல ஒரே பகுதியை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்காரலாம். அவள் கணிதத்தை எடுத்திருக்கிறாள். ஏழாவது மாதிரித் தேர்வை இன்னும் திறக்கவில்லை.