ரீமேப் போடுவதற்கு முன்னால் வண்டியை அளந்து பாருங்கள்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பழைய டீசல் ஸ்விஃப்ட் வைத்திருக்கும் தம்பிகள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ரீமேப் போட்டா என்ஜின் போயிடுமா?" ரீமேப் என்பது என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை மாற்றி ஏற்றுவது. நல்ல என்ஜின் என்றால் அளவோடு ஏற்றிய ரீமேப்பைத் தாங்கும். ஆனால் உங்கள் என்ஜின் நல்ல என்ஜினா என்பதை ரீமேப் போடுகிறவர் பார்ப்பார் என்று நம்பி வண்டியை விடாதீர்கள்.

என் மச்சான் அப்படித்தான் விட்டார். 1,20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. கோயம்புத்தூரில் ஒரு இடத்தில் போட்டார். கிளட்ச் எப்போது மாற்றியது என்று அங்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து நாலு பேரோடு நெல்லியாம்பதி மலை ஏறினோம். போத்துண்டி அணை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் ஆர்பிஎம் (என்ஜின் சுற்றும் வேகம்) ஏறுகிறது, வண்டி நகரவில்லை, கருகிய நாற்றம். கிளட்ச் செட் முழுவதும் போயிருந்தது. அந்தச் செலவுக்கு முன்னால் என்னென்ன பார்த்திருக்க வேண்டும் என்று அன்று யோசித்ததுதான் இந்த வரிசை.

முதலில், தேய்மானம் எங்கிருந்து வருகிறது?

ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் டீசல் கம்பெனியில் இருந்து வந்தபோது 75 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் இழுவை (டார்க்). இதில் ரீமேப் செய்வது, டர்போவின் பூஸ்ட்டையும் (அது காற்றை உள்ளே தள்ளும் அழுத்தம்) டீசலின் அளவையும் கூட்டுவது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும். இந்த இரண்டும்தான் தேய்மானத்தின் வேர்.

அழுத்தம் எந்த ஆர்பிஎம்மில் ஏறுகிறது என்பது மிக முக்கியம். கிராங்க் வேகமாகச் சுற்றும்போது பேரிங்குக்குள் ஆயில் படலம் தடிப்பாக நிற்கும். 1500 ஆர்பிஎம்மில் ஐந்தாவது கியரில் மிதித்தால் படலம் மெல்லியது, பிஸ்டன் தள்ளும் விசையோ உச்சத்தில். பேரிங்குக்கும் கிளட்ச்சுக்கும் அடி விழுவது அங்கேதான். அதனால் "கீழேயே செம இழுவை" என்று யாராவது ஆசை காட்டினால் எனக்குப் பயம்தான் வரும்.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் கதை வேறு. ரீமேப்பில் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் சிலர் ரெவ் லிமிட்டை (என்ஜின் சுற்ற விடும் உச்ச ஆர்பிஎம்) ஏற்றுவார்கள். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கும் இழுவிசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் கூடும்: 6000-ஐ 6600 ஆக்கினால் வேகம் 10 சதவீதம் கூடுகிறது, விசை 21 சதவீதம் கூடுகிறது. அந்த வியாபாரம் தினசரி வண்டிக்குக் கட்டாது.

படி 1: என்ஜினின் உடம்பைப் பாருங்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். அவசரப்பட வேண்டாம்.

காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் ஆயில் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுங்கள். 1000 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே இடத்தில் மறுபடி எடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியிருந்தால், ரீமேப் பக்கம் போகாமல் முதலில் ரிங், வால்வ் சீல், டர்போ சீல் எதில் ஆயில் போகிறது என்று மெக்கானிக்கிடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது. டீசலில் இன்ஜெக்டர் அல்லது க்ளோ பிளக் துளை வழியாகப் பார்ப்பார்கள். நாலு சிலிண்டரின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். எண்கள் எல்லாமே கொஞ்சம் குறைந்திருப்பது வயது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 10, 15 சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தால் அது நோய். அந்த வண்டிக்கு ரீமேப் வேண்டாம்.

கிளட்ச்சுக்குப் பணமில்லாத சோதனை ஒன்று: ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் நாலாவது கியர், 1800 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் முன்னே ஓடி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. என் மச்சான் வண்டியில் இதை முன்பே செய்திருந்தால் பத்து வினாடியில் தெரிந்திருக்கும்.

படி 2: இப்போதைய வேகத்தை எண்ணாக எழுதுங்கள்

மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை எத்தனை வினாடி என்று பக்கத்து சீட்டில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லி மூன்று முறை அளந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கே செய்யுங்கள். பாலக்காட்டு மார்ச் மதியம் 40 டிகிரி தொடும். 25 டிகிரி காற்றோடு பார்த்தால் அது ஏறக்குறைய 5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. அந்த வித்தியாசத்தை ரீமேப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

மைலேஜ் அளக்கும்போது ஒரே பங்க், முழு டேங்க் முறை. வேலந்தாவளம் தாண்டி தமிழ்நாட்டில் ஒரு முறை, இங்கே ஒரு முறை என்று மாற்றி மாற்றி நிரப்பி ஒப்பிடாதீர்கள்.

படி 3: எப்போது மிதிக்கிறீர்கள்?

தினமும் பாலக்காடு போய் வருகிறவர், முழு ஆக்சிலரேட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் இருக்கிறார்? பெரும்பாலும் இரண்டு நிமிடம்கூட இராது. அவருக்குத் தேய்மானமும் குறைவு, லாபமும் குறைவு. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் சுற்ற ஆசைப்படுகிறவருக்குச் சுற்று முழுக்கச் சூடுதான். அவர் ரீமேப்புக்கு முன் ஆயில், பிரேக் பேட், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட் ஆகியவற்றில் பணம் போட வேண்டும்.

படி 4: இரண்டு பக்கமும் எழுதுங்கள்

ஒரு நோட்டில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. உதாரணத்துக்கு, வருடம் 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். 10,000-க்கு ஒரு முறை மாற்றிய ஆயிலை இனி 7,000-க்கு மாற்ற வேண்டும் என்று வைத்தால், இரண்டு ஆயில் சர்வீஸ் மூன்றாகும். ஆயில் சூடு 10 டிகிரி கூடினால் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு, அதனால் இந்தச் செலவைத் தட்டிக் கழிக்க முடியாது. கிளட்ச் பாதி தேய்ந்திருந்தால் புது கிளட்ச்சின் முழு விலையையும் இன்றே செலவில் எழுதுங்கள். வலது பக்கம் கனத்தால் நல்ல டயர், சுத்தமான ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோப்பு மண் சாலையில் ஓட்டுகிறவர்கள் ஆயில் தடவிய காட்டன் ஃபில்டர் பக்கம் போகாதீர்கள். உள்ளே போகும் புழுதி சிலிண்டரை உரசும்.

சட்டமும் செலவுப் பக்கத்தில் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போகலாம், சிறையும் வரலாம். கேரளத்தில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் முன்பே கேளுங்கள்.

படி 5: போடுவதென்றால்

டியூனரிடம் (ரீமேப் போடுகிறவரிடம்) இப்படிக் கேளுங்கள்: "2000-க்குக் கீழே இழுவையைக் கம்பெனி அளவிலேயே விடுங்க. 2200-லிருந்து 3500 வரைக்கும் கொஞ்சம் போதும். புகை வரக் கூடாது. ஈஜிஆரை (புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடும் வால்வ்) தொட வேண்டாம்." இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டியின் பழைய ஃபைலைப் படித்துப் பென்டிரைவில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது கெடுத்தது என்று தெரியாது.

போட்ட பிறகு, ஸ்டார்ட் செய்ததும் முதல் சில கிலோமீட்டர் மெதுவாக. மேடு ஏறி வந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். 1000 கிலோமீட்டர் முடிந்ததும் படி 1-ன் டிப்ஸ்டிக் போட்டோ, படி 2-ன் வீடியோ, கிளட்ச் சோதனை மூன்றையும் அதே இடத்தில், அதே காலை நேரத்தில் மறுபடி செய்து நோட்டில் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆயில் இறங்கியிருந்தாலோ, கிளட்ச் வழுக்கினாலோ, அந்த வாரமே பென்டிரைவை எடுத்துப் போய்ப் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றுங்கள்.