முயலோடு பஸ் ஏறும் முன்

பயணத்தில் முயலுக்குப் பெரிய ஆபத்து இரண்டு: வெக்கை, வெறும் வயிறு. கூட்டம், குலுக்கல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முயலுக்கு வேர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். காற்றே 30 டிகிரியைத் தாண்டிப் புழுங்கினால் காதால் சமாளிக்க முடியாது. பங்குனியிலிருந்து ஆவணி வரை டெல்டாவில் காலை ஒன்பது மணிக்கே அந்த நிலைமை வந்துவிடும். அதனால் விடியற்காலை ஐந்து, ஆறு மணி வண்டியில் ஏறுங்கள். திரும்புவதை மாலை ஐந்துக்கு மேல் வையுங்கள். நடுப்பகலைக் கழிக்க நிழலான, நாய் வராத இடம் ஒன்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூருக்குத் தெற்கே இருக்கும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முயலைக் கொண்டுபோகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரத்தநாட்டுக்கு ரயில் கிடையாது. கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் தஞ்சாவூரில் வண்டி மாற வேண்டியிருக்கும். அங்கே காத்திருக்கும் நேரத்தையும் வெயில் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூண்டு விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். அட்டைப்பெட்டி மூத்திரத்தில் ஊறி, தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். மூங்கில் கூடையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். துணிப்பையில் காலுக்குப் பிடிமானம் இல்லாததால் பயந்து உதைக்கும். அந்த உதையின் வேகத்திலேயே முதுகெலும்பு முறியலாம். கெட்டியான பிளாஸ்டிக் கூண்டுதான் நல்லது. இரண்டு கிலோ முயலுக்கு நீளம் 45, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர் போதும். அதைவிடப் பெரிதானால் பிரேக் போடும்போதெல்லாம் முயல் சறுக்கி மோதும். வாங்க வசதியில்லையென்றால் காய்கறி கிரேட்டின் மேல் கம்பிவலையை நாலு மூலையிலும் கட்டிக்கொள்ளலாம். அதில் முயலின் கால் நுழையாத சின்ன ஓட்டையாகப் பார்த்து எடுங்கள். அடியில் நாலைந்து தாள் செய்தித்தாள், அதன் மேல் பழைய பருத்தித் துண்டு. வெறும் தாள் வழுக்கும். மாற்றுத் துண்டு இரண்டு கையில் இருக்கட்டும். நனைந்த அடிமயிரில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

ஒன்றாகவே வளர்ந்த ஜோடியை ஒரே கூண்டில் விடலாம். பழகாத இரண்டை விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும்.

"வாந்தி எடுக்கும், பட்டினி போட்டுக் கூட்டிப்போ" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் நார்த்தீனி ஓடிக்கொண்டிருந்தால்தான் இயங்கும். அரை நாள் தின்னாமல் இருந்தாலே குடல் நின்று, வயிறு உப்ப ஆரம்பிக்கும். காய்ந்த அருகம்புல்லைக் கூண்டில் ஒரு பக்கம் நிறையப் போட்டுவையுங்கள். பழகிய பச்சிலை ஏதாவது, கல்யாண முருங்கையோ வேறோ, கழுவி ஈரத்தோடு ஒரு பிடி கொடுங்கள். பாதித் தண்ணீர் அதிலேயே போய்ச் சேரும். புதுத் தீனியை அன்றைக்குப் பார்த்துத் தொடங்காதீர்கள். முக்கியமாக, வயல் வரப்பில் புல் அறுக்காதீர்கள். குறுவையோ சம்பாவோ, பக்கத்து வயலில் எப்போது மருந்து அடித்தார்கள் என்பது புல்லைப் பார்த்துத் தெரியாது. தொங்கவிடும் தண்ணீர் பாட்டில் குலுக்கலில் ஒழுகும். வண்டி நிற்கும் இடங்களில் சின்னக் கிண்ணத்தில் காட்டுங்கள்.

அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ராத்திரியே உறையவைத்து, துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். குளிர்ந்தால் முயல் தானே விலகிப் படுக்க மறு ஓரம் வேண்டும்.

கண்டக்டரிடம் ஏறும்முன்பே சொல்லிவிடுவது மரியாதை: "அண்ணே, கூண்டுல முயல் இருக்கு, மடியிலயே வெச்சுக்கிறேன். லக்கேஜ் போடணும்னா போட்டுடுங்க." கூட்டமான வண்டி என்றால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். பள்ளிக்கூட நேரமும் முகூர்த்த நாளும் வேண்டவே வேண்டாம். இன்ஜின் பக்கம் சூடு, கடைசி சீட்டில் தூக்கிப்போடும். நடு சீட்டுதான் சரி. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சாலை வடகிழக்காகப் போகிறது. அதனால் காலையில் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வெயில் பெரும்பாலும் வலப்பக்கமே அடிக்கும். இரண்டு வேளையும் இடப்பக்கம் உட்காருங்கள். ஒரத்தநாடு தெற்கே இருப்பதால் காலையில் போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். கூண்டின் மேல் மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, காற்று வர ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஏர்ஹாரன் சத்தத்துக்கு நடுங்கினாலும் வெளியே எடுக்காதீர்கள். பக்கத்துப் பிள்ளைகள் பிஸ்கட், முறுக்கு நீட்டினால், வயிறு கெட்டுவிடும் என்று பதமாகச் சொல்லிவிடுங்கள்.

ரயிலில் போக நினைத்தால் முந்தின நாளே ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் வேன் என்னும் சரக்குப் பெட்டியில்தான் ஏற்ற முடியும் என்றால் பஸ்ஸே மேல். அந்தப் பெட்டியில் அடைபடும் சூட்டை முயல் தாங்காது, நீங்களும் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

காது சிவந்து கொதித்தால், மூக்கைச் சுற்றி ஈரம் கசிந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெக்கை தாக்கிவிட்டது என்று பொருள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. வாய் திறந்துவிட்டால் நிலைமை கைமீறுகிறது. உடனே இறங்கி நிழலுக்குப் போங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு காதையும் திரும்பத் திரும்பத் துடைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், முக்கி எடுக்கவும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும். அப்படியே ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வீடு சேர்ந்ததும் குளிப்பாட்டாமல், அமைதியான மூலையில் புல்லும் தண்ணீரும் வைத்து விடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தின்கிறதா என்று பாருங்கள். ராத்திரி புழுக்கையை எண்ணிப் பாருங்கள்: வழக்கத்தைவிடச் சிறுத்து, குறைந்து போனால் விடிந்ததும் மருத்துவரிடம் காட்டுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே போடவில்லை என்றாலோ, தீனியைத் தொடாமல் பல்லை நறநறவென்று கடித்துக் கூனி உட்கார்ந்திருந்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.