முதல் வாரமே பிடிக்கணுமா? ‘டாக்டர் ஹூ’ பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஈரோட்டில் எங்கள் வீட்டில் ‘டாக்டர் ஹூ’ பார்க்கலாம் என்று நான் சொன்னபோது என் மாமியார் கேட்டது இதுதான்: “ஏனுங்க மாப்பிள்ளை, ஆஸ்பத்திரிக் கதைங்களா?”

இல்லை. ‘டாக்டர்’ என்று அழைக்கப்படும், காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் ஒரு வேற்றுக்கிரகவாசியின் கதை. அவருடைய வண்டி வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நீலநிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டி, கதவைத் திறந்து உள்ளே போனால் கல்யாண மண்டபம் போல விசாலம். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கி, 1989-இல் நின்று, 1996-இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படமாகத் தலைகாட்டி, 2005 மார்ச் 26 அன்று மறுபடி உயிர்பெற்ற தொடர். நாங்கள் அதற்கு ரசிகர்களாக ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை தாமதத்துக்கும் காரணம் நான்தான்.

எதையும் அடியிலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அதனால் 1963-இல் தொடங்கினேன். கறுப்பு வெள்ளை, இருபத்தைந்து நிமிடப் பகுதிகள், ஒரே கதை வாரக்கணக்கில் நீளும். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர் என்று பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். குகைவாசிகள் நெருப்பு மூட்டத் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பகுதியில் மகன் போனை எடுத்துக்கொண்டான், மாமியார் தூங்கிவிட்டார். போதாக்குறைக்கு, அந்தக் காலத்தில் பிபிசி பழைய நாடாக்களை அழித்துவிட்டதால் அறுபதுகளின் பல பகுதிகளுக்கு ஒலி மட்டும்தான் மிச்சம். பழசு நல்ல பழசுதான், ஆனால் அது ரசிகர் ஆன பிறகு போக வேண்டிய இடம். 2005-இல் வந்தது, பழையதைப் பார்க்காதவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. லண்டன் துணிக்கடையில் வேலை செய்யும் ரோஸ் என்ற பெண்ணுக்கு என்ன புரிகிறதோ அதுதான் நமக்கும் புரியும்.

சரி, சீசன் 1 என்று தேடினால் கிடைத்துவிடுமா? அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. 2005-இல் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கினார்கள், 2024-இல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். திருப்பூரில் இருக்கும் என் மச்சான் 2024-இல் போய் விழுந்துவிட்டு, “நீங்க சொன்ன ரோஸைக் காணோமே மாமா” என்று போன் செய்தான். எண்ணைப் பார்க்காதீர்கள், வருடத்தைப் பாருங்கள்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டுப் போவது 2005-இன் முதல் பகுதியில்தான். துணிக்கடை பொம்மைகள் உயிர்பெற்று ஆட்களைத் துரத்துகின்றன. குப்பைத்தொட்டி ஒன்று ரோஸின் காதலனை விழுங்கி ஏப்பம் விடுகிறது. என் மனைவி, “இதுக்குத்தான் கூப்புட்டீங்களா?” என்று எழுந்து போய்விட்டாள். நான்காம், ஐந்தாம் பகுதிகளில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் வாயு பிரிக்கிறார்கள், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இது சனிக்கிழமை மாலை குழந்தைகளோடு உட்கார்ந்து பார்ப்பதற்கென்று எடுத்த தொடர். இதில் கறாரான விஞ்ஞானத்தைத் தேடுவது, திருவிழாக் கடையில் போய்க் கணக்குப்புத்தகம் கேட்பதுபோல.

ஆறாம் பகுதி வரை பொறுத்திருங்கள். அதில் தரைக்கடியில் ஒரு பணக்காரனின் காட்சிக்கூடத்தில் டாக்டரின் பரம எதிரிகளான, இரும்புக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகளில் ஒன்று சங்கிலியில் கிடக்கிறது. “பாவம், கட்டிவெச்சுக் கொடுமைப்படுத்தறானே” என்றார் மாமியார். அது அவிழ்த்துக்கொண்டு வரிசையாக ஆட்களைக் கொன்றபோது கோபித்துக்கொண்டார், கடைசியில் அதற்காகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்பதிலும் பத்திலும் போர்க்கால லண்டனில் வாயுமுகமூடி போட்ட ஒரு சிறுவன் அம்மாவைத் தேடி வருகிறான். அன்றிரவு மகன் தனியாகப் படுக்கவில்லை, “அம்மாயி” என்று பாட்டியிடம் போய் ஒட்டிக்கொண்டான். அதற்கப்புறம் சனிக்கிழமை அரிசிம்பருப்பு சாதம் ஆனதும் ரிமோட்டைத் தேடுவது நானல்ல.

தெரிந்தவர்கள் எல்லோரும் ‘பிளிங்க்’ பகுதியை முதலில் காட்டு என்பார்கள். 2007-இல் வந்தது, கண் சிமிட்டினால் நகரும் கற்சிலைகளின் கதை, அருமையானது. ஆனால் டாக்டர் அதில் வருவதே கொஞ்ச நேரம்தான். மாப்பிள்ளை வராத விருந்தைக் காட்டிவிட்டு மாப்பிள்ளை எப்படி என்று கேட்க முடியுமா?

அப்புறம் ஆள் மாறும் விஷயம். 1966-இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றியதால் விலக, டாக்டர் சாகும் தறுவாயில் உடலும் முகமும் மாறிப் புது ஆளாவார் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தொடர் இன்றுவரை பிழைத்திருப்பது அதனால்தான். 2005-இன் டாக்டரான கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் 13 பகுதிகளோடு போய்விடுகிறார். என் மனைவி அங்கேயே நிறுத்திவிடலாம் என்றாள். மாமியார்தான், “படுகளத்துல விழுந்த அண்ணமாரைத் தங்காள் எழுப்பலீங்களா? செத்தவங்க எந்திரிச்சு வாரது நமக்கென்ன புதுசு?” என்று எங்கள் கொங்குப் பக்கத்து அண்ணமார் கதையைச் சொல்லி வழக்கை முடித்தார்.

அந்த இடத்தில் அடுத்த சீசனுக்குத் தாவிவிடாதீர்கள். நடுவில் 2005 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி இருக்கிறது, சில பட்டியல்களில் தனியாக ஒதுங்கிக் கிடக்கும். புது டாக்டரான டேவிட் டென்னன்ட் அதில் பாதிக்கு மேல் பைஜாமாவோடு தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார். இருந்தாலும் எழுந்த பிறகு வரும் கொஞ்ச நேரத்திலேயே அவரை ஏற்றுக்கொண்டுவிடுவோம்.

கடைசித் தவறு, அடுத்து என்ன என்று தெரிந்தவர் வாயை மூடாமல் இருப்பது. அதில் நான் இப்போது தேறிவிட்டேன். 2010-இல் அடுத்த டாக்டராக வரும் மாட் ஸ்மித்தை மாமியார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாரா வாரம், “அந்தப் பைஜாமாக்காரத் தம்பி திரும்ப வருவாருங்களா?” என்று கேட்கிறார். 2023-இன் அறுபதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதிகளில் டென்னன்ட் திரும்பி வருகிறார். நான் தெரியாது என்று தலையாட்டிவிட்டு அடுத்த பகுதியைப் போடுகிறேன்.