புது கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை: சரிசெய்த விதம்

பட்டனை அழுத்தினால் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. அசைவே இல்லாமல் கிடப்பது வேறு கோளாறு. அதற்கு பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்ச், மதர்போர்டுக்கு (எல்லா பாகங்களும் பொருந்தும் பலகை) மின்சாரம் தரும் 24 பின் கனெக்டர், கேஸ் (வெளிப்பெட்டி) பட்டன் வயர் மூன்றையும் பாருங்கள். மதர்போர்டில் பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டால், பட்டன் பழுதா என்று தெரிந்துவிடும்.

அரைச் சுற்றில் நின்றால் பெரும்பாலும் ஷார்ட்தான் (மின்சாரம் தவறான வழியில் பாய்வது); பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்தேன். ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின் வயர், ப்ராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் வயர், அவ்வளவுதான். ஓடியது! அப்படியானால் கோளாறு கேஸில். போர்டில் துளையே இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டை கேஸில் படாமல் தாங்கும் குட்டித் தூண்) கூடுதலாக நின்று, அடிப்பக்க ஈயப் புள்ளிகளை உரசிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் சரியாகிவிட்டது.